பக்கத்து வளவுச் சாட்சிக்காரன்

இருபத்து நாலு வயதில் நான் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனைவியிடம் பாதி சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதியிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத்தான் வருவேன். காரியம் இதுதான்: எனக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது, என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள் என்று பயந்து, நானே பக்கத்து வீட்டு விறாந்தையில் போய் உட்கார்ந்து, நானே பக்கத்து வீட்டுக்காரனாகி, எனக்கு நானே நற்சான்று கொடுத்தேன். இப்படி ஒரு பொடியனைக் கல்முனைக்குடியில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் கிடைக்காது என்று என்னைப் பற்றி நான் சொன்னபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று விளங்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் உண்மையாகவே இருந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இதை வாசித்துவிட்டு பஸ் ஏறி வந்து, நாலாம் பந்தியில் இரண்டு இடம் பிழை என்பான்.

அவனும் நானும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. அந்த வேலியில் நாங்கள் நுழைந்து போய் வர ஓர் ஓட்டை. எங்களுக்கு வயது ஏற ஏற ஓட்டையும் வளர்ந்தது. வருஷா வருஷம் வேலி கட்ட வருகிறவர் கடைசியில் அந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்டப் பழகிக்கொண்டார்.

நான் பிறந்த அன்றிலிருந்து கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உம்மா சொல்வா. அவன் மூன்று வயது வரை வாய் திறக்கவில்லை. ஊமைப் பிள்ளையோ என்று பயந்து ஓதிப் பார்த்தார்கள், நேர்ச்சை வைத்தார்கள். ஒருநாள் வீட்டில் விருந்தாளிகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் நடுவில் வந்து நின்று தன் வாழ்க்கையின் முதல் வசனத்தைச் சொன்னான். "இந்தப் பால்ல பூன வாய் வெச்சிட்டு." விருந்தாளிகள் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அதற்குப் பிறகு அவனுடைய சீவியம் முழுவதும் யாராவது கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அவனுக்கு உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது: கண்டது, காணாதது. எதைக் கேட்டாலும் 'கண்டேன்' என்பான், அல்லது 'காணல்ல' என்பான். மூன்றாவது இல்லை. எங்களுக்கோ மூன்றாவதுதான் வாழ்க்கை. கேள்விப்பட்டது, இருக்கலாம், இருந்தால் நல்லது, எதற்கு வீண் பொல்லாப்பு என்று இந்த நான்கு தூணிலும்தான் எங்கள் ஊர் நிற்கிறது.

பன்னிரண்டு வயதில் ஒரு நோன்பு. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் கை கால் கழுவி ஒழு எடுக்கப் போனோம். மூன்று தரம் வாய் கொப்பளிப்பது முறை. நான் பதினொரு தரம் கொப்பளித்தேன். வீட்டுக்கு வந்து உதடு காய்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தேன். நோன்பு பிடித்த பிள்ளைக்கு என்று உம்மா தனியாக ஆறு கட்லட் பொரித்துக்கொண்டிருந்தா. வேலி ஓட்டைக்குள்ளால் வந்த அவனைக் கண்டு, சும்மா ஒரு பேச்சுக்கு, இவன் மெய்யாவே நோன்புதானா மகன் என்று கேட்டுவிட்டா.

அவன் விரல்களில் எண்ணிப் பார்த்தான். "பதினொரு தரம் தண்ணி உள்ள போனத்தக் கண்டேன் மாமி. ரெண்டு தரம் வெளிய வந்தத்தக் கண்டேன்."

கட்லட் ஆறும் அவன் வீட்டுக்குப் போயிற்று. நோன்பு திறந்த பிறகு அவன் வேலி ஓட்டையில் நின்று கட்லட் ஒன்றை என்னிடம் நீட்டினான். ரெண்டு தரம் துப்பினாய்தானே, அதற்கு இது என்றான். அவனிடம் கோபிக்கவும் முடியாது. கட்லட் நல்ல ருசி.

பெரியவனான பிறகும் அப்படியேதான். பள்ளிக்கூடம் முடிந்து நான் வாப்பாவின் புடவைக் கடையில் நின்றேன். ஒரு பெருநாள் வியாபாரத்துக்கு ஆள் போதாமல் அவனையும் கூப்பிட்டார் வாப்பா. மூன்று நாள் நின்றான். எங்கள் பெண்கள் துணி எடுக்கும்போது 'சாயம் போகுமா' என்று கேட்பது, நாங்கள் 'போகாது' என்பது, இரண்டுமே சலாம் சொல்லி சலாம் வாங்குவது மாதிரி. இவனிடம் கேட்டபோது, "போகும். நேத்து ஒரு துண்டு ஊறப்போட்டுப் பாத்தேன்" என்றான். மூன்றாம் நாள் பின்னேரம் வாப்பா அவனுக்கு உடுக்க ஒரு சாரத்தை அன்பளிப்பாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அந்தச் சாரத்தின் சாயம் போகும் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போனான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. பெண்கள் எங்கள் கடையில் ஒரு விரல் அகலத் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு நேரே அவன் வளவுக்குப் போனார்கள். அவன் தண்ணிப் பேசினில் ஊறப்போட்டுப் பார்த்துச் சொல்வான். பெருநாள் நெருங்க நெருங்க எங்கள் கடையின் மானம் அவனுடைய வேலியில் பல நிறங்களில் காய்ந்தது. அடுத்த வருஷம் வாப்பா கொழும்பில் சரக்கு எடுக்கும் முன்பே துண்டு வெட்டிக்கொண்டு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஓட்டைக்குள்ளால் அவனிடம் கொடுத்தார்.

ஊருக்கே அவனால் வந்த சோதனை பிறை பார்த்த அன்றுதான். அப்போது எங்களுக்குப் பதின்மூன்று வயது. இருபத்தொன்பதாம் நோன்பு. மஃரிபுக்குப் பிறகு ஊருக்கு மேற்கே வயல் வரம்பில் ஆண்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். நாளைக்குப் பெருநாள் வேண்டும் என்று எல்லாருடைய வயிறும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சும்மா நிற்கப் பொறுக்காமல் கையை நீட்டி, அந்தா பிறை என்று கத்தினேன். அல்லாஹ்வின் மீது ஆணையாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஐந்து நிமிஷத்தில் பதினாலு பெரியவர்கள் கண்டுவிட்டார்கள். ஒருவர் படுத்த பிறை கண்டார், ஒருவர் நின்ற பிறை கண்டார். பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் ஒருவர் சாட்சிகளை வரிசையில் நிறுத்தினார். முதலில் கண்டவன் என்று என்னைத் தலையில் தடவினார். பக்கத்தில் நின்றவனிடமும் கேட்டார்.

"காணல்ல," என்றான் அவன். "இவன் கை நீட்டின பக்கம் நானும் பாத்தேன். தென்னோல ஒண்டுதான் கிடந்த."

எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தென்னோலை காற்றில் ஆடியது. பதினாலு பேரில் ஒருவர் இருமினார், ஒருவருக்கு அவசரமாக வீட்டில் வேலை வந்தது. கொஞ்ச நேரத்தில் சாட்சி வரிசையில் நான் மட்டும் நின்றேன். வானொலியும் அன்று பிறை தென்படவில்லை என்றுதான் சொன்னது. ஆனால் மறுநாள் முப்பதாம் நோன்பைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுதும் முறைத்தது வானொலியை அல்ல, அவனைத்தான். தையல்காரர்கள் மட்டும் அவனுக்காக துஆச் செய்தார்கள். அவர்களுக்கு இன்னும் கழுத்துப் பட்டி தைத்து முடியவில்லை.

இப்படிப்பட்டவனோடு ஏன் கூட்டு வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். வேறு யாரும் என்னோடு கூட்டு வைக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு.

பதினாறு வயதில் தேசிய அடையாள அட்டைக்குப் படம் பிடித்தபோது எனக்கு மீசை முளைத்திருக்கவில்லை. அட்டை காலத்துக்கும் இருக்கும் என்பதால் ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சிப் படத்தில் ஒரு மீசை வரையச் சொன்னேன். அவர் கலைஞர், பெரிதாகவே வரைந்துவிட்டார். அந்த அட்டையோடு ஒருநாள் இருவரும் அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் வரும்போது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் நின்ற என் கூட்டாளியிடம் அட்டையைக் காட்டி இது இவன்தானா என்று கேட்டான். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். அவன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "காது இவண்ட," என்றான். "மீச இவண்ட இல்ல."

என்னை ஓரமாக நிறுத்தினார்கள். பஸ் புறப்பட ஆயத்தமானது. அந்தச் சண்டை நாட்களில் அப்படி ஓரமாக நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்ததில்லை. முதல் தடவையாக என் வாய்க்குப் பகிடிப் பேச்சு ஒன்றும் வரவில்லை. அவனைப் போகச் சொன்னேன். அவன் போகாமல் எனக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தினான். உன் உம்மா கேட்டால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றான். முக்கால் மணி நேரம். பிறகு ஓர் அதிகாரி வந்து படத்தையும் என் மேலுதட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, சாவடியே சிரித்தது. நான் முயலாமலே ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தது அன்று மட்டும்தான்.

இனிக் கலியாணக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்விடுவான், பிறகு காலத்துக்கும் அங்கேதான். அப்படி ஓர் ஆளை வீட்டுக்குள் எடுக்கும் முன் விசாரிக்காமல் விடுவார்களா. மாடு வாங்குவதைவிடக் கூடுதலாகவே விசாரிப்பார்கள். விசாரிக்கும் இடம் பக்கத்து வளவு. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதும் எல்லாருக்கும் பாடம்: நல்ல குடும்பம், நல்ல பொடியன், ஒரு குறையும் இல்லை. நாளைக்கு அவர்களுடைய மகனை விசாரித்து நம் வீட்டுக்கு வரும்போது நாமும் அதையே சொல்வோம். எங்கள் ஊரில் பாதிக் கலியாணங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. வாப்பாவுடையதும் அதில் ஒன்று என்பது உம்மாவின் கருத்து.

என் பக்கத்து வளவில் இருந்தவனோ இவன். நிந்தவூரிலிருந்து வந்தவர்கள் பொடியன் தொழுவாரா என்று கேட்டார்களாம். ஜும்மாவில் கண்டிருக்கிறேன், விடியச் சுபஹுக்கு நான் பள்ளிக்குப் போகும்போது அவன் யன்னல் பூட்டித்தான் கிடக்கும், உள்ளே தொழுகிறானோ தெரியாது, காணவில்லை என்றானாம். அவர்கள் திரும்பி வரவில்லை. சாய்ந்தமருதிலிருந்து வந்தவர்கள் சிகரெட் பிடிப்பாரா என்று கேட்டார்கள். கடற்கரையில் இரண்டு தரம் கண்டேன் என்றான். அவர்களும் வரவில்லை. உம்மா கோபத்தில் ஒரு மாதம் அந்த வீட்டுக்குக் கறி கொடுத்துவிடவில்லை. கறி ஏன் வரவில்லை என்று அவனே வந்து கேட்டான்.

அந்த இரண்டு பேச்சும் குழம்பியதில் எனக்குக் கவலை இல்லை, நாலு நாள் அதை வைத்துப் பகிடி விட்டேன். மூன்றாவது அப்படியில்லை. ஒருநாள் அக்கரைப்பற்றிலிருந்து ஓர் உம்மாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகள் ஒரு நீலத் துணியைத் தடவிப் பார்த்துச் சாயம் போகுமா என்று கேட்டா. உலகம் முடியும் கியாமத்து நாள் வரைக்கும் போகாது என்றேன்.

"அப்ப வாணாம்," என்றா. "கியாமத்து நாளும் இதையா உடுத்துக்கிட்டு நிக்கிற?"

அவளுடைய உம்மா அவள் கையில் கிள்ளினா. நான் அளவுகோலைக் கீழே போட்டேன். அத்தனை வருஷமாகப் பகிடி விட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஒருத்தி மிச்சச் சில்லறை திருப்பித் தந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கிழமைக்குள், பதினாலு நாள்கூட ஆகவில்லை, எங்கள் காதுக்கு ஒரு தகவல் வந்தது: அக்கரைப்பற்றில் அந்தக் குடும்பம் என்னைக் கேட்டு வர யோசிக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலி ஓட்டையில் நின்று அவனிடம் கெஞ்சினேன். ஒரேயொரு தரம், எல்லாரும் சொல்வதை நீயும் சொல் என்றேன். "கேட்டா கண்டத்தச் சொல்லுவன்," என்றான். "கேக்காட்டி ஒண்டும் சொல்லமாட்டன்."

அப்படியென்றால் கேட்க வருகிறவர்களுக்கு அவன் அகப்படக் கூடாது. என் மூளை அவ்வளவு தூரம்தான் போனது.

ஒரு பின்னேரம் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் சைக்கிளில் வந்து, அக்கரைப்பற்று வேன் ஒன்று உங்கள் ஒழுங்கைக்கு வழி கேட்டு வருகிறது என்றார். நான் ஓட்டைக்குள்ளால் பாய்ந்தேன். அவன் தனியே இருந்தான், அவனுடைய உம்மாவும் தங்கச்சியும் மருதமுனையில் ஒரு சுன்னத்துக் கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். அவன் வாப்பா, சண்டை நடந்த அந்தக் கெட்ட வருஷத்தில் வயலுக்குப் போனவர், உயிரில்லாத மையித்தாகத்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவருடைய நாலு மாடுகளும் அவன் பொறுப்பு. அதில் ஒரு மாடு சொறிக்கல்முனையில் யாருடைய நெல் வேளாண்மையிலோ இறங்கிவிட்டது, பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தான். நான் அவனுடைய விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

வாசல் படலையில் ஒரு பெரிய மனிதரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். அவர் பெண்ணின் உம்மாவோடு கூடப்பிறந்த மாமா. அக்கரைப்பற்றார் யார் வருவார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். எங்கள் பக்கம் தாய்மாமாவின் சொல்லுக்குத் தகப்பனின் சொல்லைவிடக் கனம் கூட. அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உள்ளே வந்து சலாம் சொன்னார். அவர் அடுத்த சொல்லை எடுக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"பக்கத்து வளவுப் பொடியன விசாரிக்கத்தானே வந்தீங்க? இரிங்க, சொல்றன்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கதிரையில் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க தம்பி," என்றார்.

சொன்னேன். நடுச்சாமத் தஹஜ்ஜத் தொழுகையில் தொடங்கினேன். சிகரெட் வாசனை வந்தால் மயங்கி விழுவார் என்றேன். பெண்கள் வந்தால் நிலத்தைப் பார்ப்பார், அவர் கதைத்து நாங்களே கேட்டதில்லை என்றேன். அப்படிக் கதைக்காத ஆள் புடவைக் கடையில் எப்படி வியாபாரம் செய்கிறார் என்று அவர் மனைவி, அந்த மாமி, கேட்டா. கையால் காட்டுவார் என்றேன். மாமிக்கு விக்கல் வந்து தண்ணீர் கேட்டா.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. அவனுடைய தங்கச்சி பெரிய பிள்ளையானதிலிருந்து அந்த வீட்டின் உள்திரைக்கு அப்பால் நான் கால் வைத்ததில்லை. கோப்பைகள் எந்த அலுமாரியில் என்று எனக்கு எப்படித் தெரியும். மூன்று அலுமாரி திறந்தேன். ஒன்றில் உடுப்பு, ஒன்றில் குர்ஆன், ஒன்றில் மாட்டுக்குப் போடும் மருந்து. கடைசியில் கையில் அகப்பட்டதில் தண்ணீர் கொண்டுவந்து மாமியிடம் நீட்டினேன்.

மாமி அதைச் சுற்றிப் பார்த்தா. "இது ஒழு எடுக்கிற கிண்டி, மகன்."

இந்த வீட்டில் எல்லாப் பாத்திரமும் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படலையில் சைக்கிள் மணி கேட்டது. சொறிக்கல்முனைக்குப் போகும் முன் மாடுகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று அவன் ஒழுங்கை முடிவிலிருக்கும் வெளிக்குப் போயிருக்கிறான். அவனைத் தவிர வேறு யார் அப்படிச் செய்வார்கள்.

"மாடு நாலும் கட்டின இடத்துலதான் நிக்கிது," என்றான் படலையிலிருந்தே.

அவன் இன்னொரு வசனம் பேசினால் நான் முடிந்தேன். ஆகவே மனிதன் செய்யக்கூடிய மிக முட்டாள்தனமான காரியத்தைச் செய்தேன். எழுந்து நின்று, அவனைக் காட்டி, "இந்தா வந்திட்டார். இவர்தான் நீங்க தேடி வந்த மாப்பிள்ள," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் பலித்தது அது ஒன்றுதான்.

அவன் என்னைப் பார்த்தான். விருந்தாளிகளைப் பார்த்தான். சலாம் சொன்னான். "நான் இல்ல. அது இவன். இது எங்கட ஊடு," என்றான். பிறகு மாமியின் கையைப் பார்த்து, அந்தக் கிண்டியை ஏன் எடுத்து வந்தாய் என்று என்னிடம் கேட்டான்.

மாமாவின் தாடியில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. சிரித்திருந்தாலாவது எழுந்து ஓடியிருப்பேன். அவர் அவனை உட்காரச் சொல்லி, அப்படியானால் இவரைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள் என்றார், எனக்கு முன்னாலேயே.

அவன் சொன்னான். சுபஹுத் தொழுகை, யன்னல், கடற்கரை, சிகரெட் இரண்டு. இன்றைக்கு மாடு விஷயத்தில் சொன்ன பொய்யோடு சேர்த்து, பொய் சொல்வான் என்பதை அழுத்தமாகவே சொன்னான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமிக்குத்தான் மனம் கேட்கவில்லை.

"நல்லது ஒண்டுமே இல்லயா, மகன்?"

அவன் நீண்ட நேரம் யோசித்தான். எனக்கு நல்லது ஒன்று தேட அவ்வளவு நேரம் ஆகிறதே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"வாப்பா மௌத்தானப்ப உம்மா நாலு மாசமும் பத்து நாளும் இத்தா இருந்தா. அறைய விட்டு வெளிய வாறல்ல, சோறும் தின்னல்ல. இவன் பின்னேரத்துல வேலிக்கு அங்கால குந்திக்கிட்டு ஊர்க் கதை எல்லாம் சத்தமாச் சொல்லுவான். உம்மா உள்ளுக்கிருந்து சிரிப்பா. சிரிச்சாத்தான் ரெண்டு வாய் தின்பா. எனக்கு அப்படிச் செய்யத் தெரியா."

நியாயத்துக்காக ஒன்றைச் சேர்த்துக்கொண்டான். "அந்தக் கதையில ஒண்டும் மெய்யில்ல."

அவனுடைய உம்மா சிரித்தது எனக்குத் தெரியாது. நான் அவனுக்குச் சொல்வதாகத்தான் அப்போது நினைத்திருந்தேன். அவன் ஒருதரமும் சிரிக்கவில்லையே என்று ஒவ்வொரு நாளும் புதுக் கதை கட்டிக்கொண்டு போனேன்.

அவர்கள் எழுந்து போனார்கள். மூன்று கிழமை ஒரு பேச்சும் இல்லை. அதற்குப் பிறகு அதே வேன் அதே ஒழுங்கையில் வந்தது, அதே படலையில் நின்றது. இந்தமுறை அந்த விறாந்தையில் நான் இல்லை. என் வீட்டுக்குள்ளிருந்து யன்னலால் பார்த்தேன். அவர்கள் அவனைக் கேட்டு வந்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் அவன் வேலி ஓட்டைக்கு வந்தான். அவர்களிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றான்.

"உனக்கு அந்தப் புள்ளயில விருப்பமிரிக்கா? மெய்யச் சொல்லு."

ஓம் என்று சொல்லியிருந்தால் அவன் மறுநாளே மறுப்புச் சொல்லி அனுப்பியிருப்பான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓம் என்று சொன்னால் கிண்டியோடு நின்ற அந்தப் பின்னேரம் முழுவதும் மெய்யாகிவிடும். அதுவரை அது எனக்குள் ஒரு பகிடியாகத்தான் இருந்தது. என் வாய் வழக்கம்போல என்னைக் கேளாமலே திறந்தது.

"அந்தப் புள்ளயா? மூக்குப் பெரிசி மச்சான், எனக்குச் சரிவராது."

அவன் என் முகத்தை அன்று அடையாள அட்டையைப் பார்த்தது மாதிரிப் பார்த்தான். பிறகு "சரி" என்று சொல்லிப் போனான். கண்டது, காணாதது என்று எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறவன் நான் சொன்னதை எந்தப் பக்கம் போட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நான்தான் வேனில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் வேனைச் சிரிக்க வைத்துக்கொண்டு போனேன். அவன் உடுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டி உள்ளே போவதோடு பக்கத்து வளவு எனக்கு வெறும் வளவாகப் போகிறது என்று அந்த வீட்டுப் படியில் ஏறும்போதுதான் விளங்கியது. ஒரே வேனில் பெண்ணையும் கொடுத்து, கூட்டாளியையும் கொடுத்துவிட்டு, நான் திரும்பி வந்து வேலி கட்டுகிறவரிடம் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்ல வேண்டும்.

விருந்தில் பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தோம். எனக்கு எதிரில் அந்த மாமா. நல்ல இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் ஒரு பகிடி விட்டேன், சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, மற்ற இருவருக்கும் கேட்காத குரலில், ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பின்னேரத்துக்கு முந்தின கிழமையே அவர் எங்கள் கடைக்கு வந்து ஒரு சாரம் எடுத்துக்கொண்டு, என்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டில் எல்லாரும் ஓம் என்று முடித்தாயிற்று. அன்று வேனில் வந்தது என் வீட்டாரிடம் பேசி நாள் குறிக்கத்தான். தெரிந்த முகம் விறாந்தையில் இருக்கக் கண்டு, அதுதான் என் வீடு என்று நினைத்து அந்தப் படலைக்குள் வந்திருக்கிறார்கள்.

நான் கையைச் சஹனிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் இன்னொரு துண்டை என் பக்கம் தள்ளினார்.

"நாங்க விசாரிக்க வரல்ல, மகன். நீ உன்ட ஊட்டுலயே இருந்திருந்தாப் போதும்."